ராமேஸ்வரம் கோயிலுக்குத் தனியாகப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

டூர் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது. எங்கே இறங்குவது, எங்கே குளிப்பது, எந்த வரிசையில் நிற்பது எல்லாவற்றையும் பஸ்காரரே சொல்லிவிடுவார். ரயிலோ பஸ்ஸோ பிடித்து ஒருவராகவோ இருவராகவோ, வழிகாட்டி யாரும் இல்லாமல் வருகிறவர்களுக்காக எழுதியது இது. நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும். அன்றைக்குக் கோயில் வாசல் பலகையில் இருப்பதே கடைசி வார்த்தை.

ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமா?

திரும்பலாம், பலர் திரும்புகிறார்கள். மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர், பஸ்ஸில் நான்கு மணி நேரம் பக்கம். ஆனால் கோயிலின் கணக்கே வேறு. வழக்கமான நாளில் விடியற்காலை 5 மணிக்கு நடை திறந்து, பகல் 1 மணிக்குச் சாத்தி, மறுபடி 3 மணிக்குத் திறந்து, இரவு 9 மணிக்குச் சாத்துவார்கள். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் நீங்கள் வந்து சேரும்போது மணி பத்துக்கு மேல். கடலில் குளித்து, கோயிலுக்குள் கிணறு கிணறாக 22 தீர்த்தம் ஆடி, உடை மாற்றி வரிசைக்கு வந்தால் நடை சாத்தும் நேரம் வந்துவிடும். உச்சிக் கூட்டமும் அப்போதுதான்.

ஒரு இரவு தங்குங்கள். முதல் நாள் மதியத்துக்கு மேல் வந்து, சாயங்காலம் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு, சீக்கிரம் படுத்து, மறுநாள் விடியற்காலையில் மற்றதை வைத்துக்கொண்டால் அதே ஊர் வேறு ஊராகத் தெரியும்.

எங்கே ரூம் போடுவது? பஸ் ஸ்டாண்டு பக்கம் மலிவாக இருக்கிறதே?

மலிவுதான். ஆனால் தனியாக வருகிறவருக்குப் பாதிக் காரியம் ரூம் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளிலோ, கிழக்கு வாசலுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள சன்னதித் தெருப் பக்கமோ போடுங்கள். காரணம் மிகச் சாதாரணமானது: இந்தக் கோயிலில் நீங்கள் தலை முதல் கால் வரை நனையப் போகிறீர்கள். நனைந்தபின் உடை மாற்ற வேண்டும். குழுவாக வந்தவர்களில் யாராவது ஒருவர் பையைக் காத்துக்கொண்டு கரையில் உட்கார்வார். தனியாக வந்தவருக்கு ரூம்தான் அந்த ஆள். ஐந்து நிமிட நடையில் ரூம் இருந்தால் பர்ஸ், செல்போன், செருப்பு, மாற்றுத் துணி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு கிளம்பலாம்.

பஸ் ஸ்டாண்டு கோயிலிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். அங்கே தங்கினால் ஈரத்துணியோடு ஆட்டோ தேட வேண்டும், ஆட்டோக்காரர் சீட் நனைவதைப் பார்த்து முகம் சுளிப்பார்.

கோயில் நிர்வாகத்தின் விடுதிகள், பல மாநிலத்தாரின் சத்திரங்கள், மடங்கள், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் எல்லாம் உண்டு. சில மடங்களில் ஒற்றை ஆளுக்கு ரூம் தர யோசிப்பார்கள், ஆதாரும் கேட்பார்கள். இரவில் வந்து இறங்குவதாக இருந்தால் முன்பே போனில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

எதை முதலில் செய்வது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

நெடுங்கால வழக்கம் இது: முதலில் அக்னி தீர்த்தம் என்னும் கடலில் குளியல், அடுத்து கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், அப்புறம் உலர்ந்த உடை, பிறகு ராமநாதர் தரிசனம். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். இந்த வரிசையில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. கடல் உப்பைக் கிணற்றுத் தண்ணீர் கழுவிவிடும். மாற்றிச் செய்தால் உப்புப் பிசுபிசுப்போடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இதில் ஸ்படிக லிங்க தரிசனத்தை எங்கே நுழைப்பது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். அது விடியற்காலை 5 மணி முதல் 6 மணி வரை மட்டும். தீர்த்தமாடிவிட்டு அந்த நேரத்துக்கு வர முடியாது. ஆகவே ரூமிலேயே குளித்து, உலர்ந்த உடையில் நாலரை மணிக்கு வரிசைக்குப் போய், ஸ்படிக லிங்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். அப்படியே நேராகக் கடல். பொழுது புலரும் நேரம், வெயில் இல்லை. அதன்பின் தீர்த்தங்கள், ரூமுக்குப் போய் உடை மாற்றம், மறுபடி தரிசனம். இரண்டு முறை உள்ளே போகிறோமே என்று கணக்குப் பார்க்க வேண்டாம். முதல் தடவை நன்றாகத் தரிசனம் கிடைத்திருந்தால் இரண்டாவது தடவை வரிசை நீளமாக இருந்தாலும் மனம் அலுக்காது.

ஸ்படிக லிங்கம் என்பது தனிச் சன்னதியா?

இல்லை. மூலவருக்கு முன்னால் ஸ்படிக லிங்கத்தை வைத்துப் பாலபிஷேகம் செய்வார்கள். ஆதிசங்கரர் அளித்தது என்பது மரபு. விளக்கொளியில், பின்னால் இருப்பது தெரியும்படி கண்ணாடி போல இருக்கும். இதற்குத் தனி டிக்கெட் உண்டு, அங்கேயே அந்த நேரத்தில் கொடுப்பார்கள். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

22 தீர்த்தம் என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது?

கோயிலுக்குள் பிரகாரங்களில் அங்கங்கே கிணறுகள் இருக்கின்றன. மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி என்று போய், சங்கு, சக்கரம், நளன், நீலன், கவயன், கவாட்சன், கங்கை, யமுனை, கயை, சூரியன், சந்திரன் என்று வரிசையாக வந்து, கோடி தீர்த்தத்தில் முடியும். சேது மாதவ தீர்த்தம் மட்டும் கிணறு போல இல்லாமல் பெரிய குளமாக இருக்கும். சேது கட்டிய வானர வீரர்களும் வட நாட்டு நதிகளும் ஒரே கோயிலில் அடுத்தடுத்துக் கிணறாக நிற்பதைப் பார்த்தாலே இந்த ஊருக்கு யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது புரிந்துவிடும்.

கிணற்று விளிம்பின் மேல் ஒருவர் நின்றுகொண்டு, கயிறு கட்டிய சின்ன வாளியை உள்ளே வீசி, அடுத்த நொடி இழுத்து, கீழே நிற்பவர் தலையில் கவிழ்ப்பார். அவ்வளவுதான். நீங்கள் அடுத்த கிணற்றுக்கு நகர வேண்டும். கல் பலகைகளில் எண்ணும் பெயரும் எழுதியிருக்கும், அம்புக்குறி இருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக முன்னால் போகிறவர்களின் ஈரக் காலடி இருக்கும். வழி தவற வாய்ப்பே இல்லை.

உள்ளே போகும் வாசலைக் கூட்டத்துக்கு ஏற்ப மாற்றுவார்கள், பெரும்பாலும் வடக்குக் கோபுர வாசல். தலைக்கு 25 ரூபாய் என்பது பல வருடங்களாக இருந்து வந்த கட்டணம். வார நாளில் காலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அமாவாசையில் இரண்டு, மூன்று மணி நேரம் ஆனாலும் ஆச்சரியமில்லை.

ஒவ்வொரு கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு சுவை என்று சொல்வார்கள். உண்மையாகவே சிலது உப்புக் கரிக்கும், சிலது கரிக்காது. உதட்டில் படுவதிலேயே அது தெரிந்துவிடும். வாய் நிறையக் குடித்துப் பார்க்க வேண்டாம்.

“நான் கூட்டிப் போகிறேன், வரிசை வேண்டாம்” என்று கடற்கரையிலேயே ஆட்கள் வருகிறார்களே, தேவையா?

ஒருவராக வந்தவருக்குத் தேவையில்லை. தீர்த்தம் இறைத்து ஊற்றுகிறவர்கள் இந்த வேலையையே தலைமுறையாகச் செய்கிறவர்கள், அவர்களில் கோயிலோடு ஏற்பாடு உள்ளவர்களும் உண்டு. பெரிய குடும்பங்கள் ஒருவரைப் பேசி அமர்த்திக்கொண்டால் அவர் வாளியோடு கூடவே வந்து, ஒவ்வொருவருக்கும் முழு வாளி ஊற்றுவார். டிக்கெட் எடுத்துத் தனியாகப் போகிறவருக்குக் கூட்டமான நாளில் நான்கு பேரோடு சேர்த்து ஒரு வாளி, அதில் தோளில் பட்டது பாதி. வித்தியாசம் இதுதான். புண்ணியத்தில் வித்தியாசம் இருப்பதாக எந்தத் தல புராணத்திலும் இல்லை.

அப்படியும் யாரையாவது வைத்துக்கொள்ள நினைத்தால், மொத்தம் எவ்வளவு, டிக்கெட் அதில் சேருமா என்ற இரண்டையும் கடலில் கால் வைப்பதற்கு முன் பேசுங்கள். “பார்த்துக் கொடுங்க” என்று சொல்கிறவரிடம் தொகை சொல்ல வையுங்கள். சரி, எல்லாரையும் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை முன்னால் பேசிவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. தனியாக வந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: உங்களுக்கு முன்னால் போகும் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டே போங்கள். வாளிக்காரர் பாரபட்சம் பார்ப்பதில்லை, ஊற்றுகிற ஊற்றில் உங்களுக்கும் விழும்.

என்ன உடை போட்டுக்கொள்வது?

நனைந்தால் உடம்போடு ஒட்டாத, உள்ளே தெரியாத, அடர்ந்த நிறப் பருத்தித் துணி. பெண்களுக்குச் சுரிதார் வசதி. சேலை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், 22 கிணற்றுக்கும் அதை இழுத்துக்கொண்டு நடப்பது சிரமம். ஆண்கள் வேட்டியை இறுக்கிக் கட்டினால் சரி. வெள்ளை வேட்டி நனைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை, காவியோ கலரோ நல்லது. தோளில் ஒரு துண்டு.

தரிசனத்துக்கு வேட்டி, பேன்ட், சேலை, சுரிதார் என்று வழக்கமான கோயில் உடை. அரை டிராயர் வேண்டாம்.

செல்போன், பர்ஸ், ரூம் சாவி இவற்றை எங்கே வைப்பது?

செல்போனைக் கோயிலுக்குள் கொண்டுபோக முடியாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இங்கே வாசல்களில் வாங்கி வைத்து டோக்கன் தரும் இடங்கள் உண்டு. ஆனால் கிழக்கு வாசலில் கொடுத்துவிட்டு வடக்கு வாசலில் வெளியே வந்தால், சுடும் தரையில் வெறுங்காலோடு ஒரு வீதி சுற்ற வேண்டும். ரூமிலேயே விட்டுவிட்டு வருவது மேல்.

கையில் இருக்க வேண்டியது ரூம் சாவியும் இருநூறு, முந்நூறு ரூபாயும்தான். ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளலாம். நகை வேண்டவே வேண்டாம். கடலில் அலை இல்லாவிட்டாலும் முங்கும்போது மோதிரமும் கம்மலும் போவது அங்கே அன்றாடக் கதை. அப்படித் தொலைந்த காசையும் நகையையும் தேடி, இடுப்பளவுத் தண்ணீரில் மண்ணை அரித்துக்கொண்டிருக்கும் ஆட்களையும் நீங்கள் பார்ப்பீர்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

தாராளமாக. விடியற்காலை நான்கு மணிக்கே ரத வீதிகளில் டீக்கடை திறந்திருக்கும், ஜனம் நடமாடும். கடற்கரையில் உடை மாற்றும் அறைகள் இருக்கின்றன, ஆனால் சுத்தத்தை எதிர்பார்க்காதீர்கள். ரூம் பக்கத்தில் வேண்டும் என்று மேலே சொன்னது உங்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். கடலில் குளிக்கும்போது குடும்பங்கள் இருக்கும் பக்கமாக இறங்குங்கள். கரையோரத்தில் மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் எடுப்பது தங்கள் குடும்பத்தைத்தான் என்றாலும் உங்களுக்கு அது சங்கடம்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். அவர்களால் முடியுமா?

நடக்க முடிந்தவர்களால் முடியும். தூரம் பெரிய பிரச்சினை இல்லை, வழுக்கல்தான் பிரச்சினை. நாள் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் மேல் ஊற்றிய தண்ணீர் கருங்கல் தரையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் வெறுங்காலோடு அவசரமாக நடக்கும் கூட்டம் வேறு. கையைப் பிடித்துக்கொண்டு, ஓரமாக, மற்றவர்கள் முந்திப் போகட்டும் என்று விட்டு நடங்கள். மார்கழி, தை விடியற்காலையில் ஈரத்தோடு காற்றில் நின்றால் குளிர் எடுக்கும். ஆஸ்துமா, மூட்டுவலி உள்ளவர்கள் வெயில் ஏறியபின் போகட்டும். முடியாதவர்கள் கோடி தீர்த்தத்தை மட்டும் தலையில் தெளித்துக்கொண்டு தரிசனத்துக்குப் போவதும் உண்டு, யாரும் தடுப்பதில்லை.

தீர்த்தமே ஆடாமல் சாமி மட்டும் பார்க்கலாமா?

பார்க்கலாம். உள்ளூர்க்காரர்கள் தினமும் அப்படித்தான் வருகிறார்கள்.

எந்த நாளில் கூட்டம் குறைவு? எந்த நாளைத் தவிர்ப்பது?

ஆடி அமாவாசை, புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசை, தை அமாவாசை. இந்த மூன்றில் நீத்தார் கடன் செய்ய வருவதானால் வாருங்கள், கோயில் பார்க்க வராதீர்கள். ஊருக்குள் வண்டி நுழையாது, ரூம் வாடகை ஏறிவிடும், கடலில் கால் வைக்க இடம் இருக்காது. மாசியில் சிவராத்திரித் திருவிழாவும் ஆடியில் திருக்கல்யாணத் திருவிழாவும் நடக்கும். கார்த்திகையில் தொடங்கித் தை பிறக்கும் வரை ஐயப்ப பக்தர்களின் வேன்கள். மே மாதம் பள்ளி விடுமுறை. தீபாவளியை ஒட்டிய நாட்களில் வட நாட்டு யாத்திரிகர்கள். சனி, ஞாயிறு எப்போதும் கூட்டம்.

மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். செவ்வாய், புதன், வியாழன். ஜூலை, ஆகஸ்டில் அமாவாசையையும் திருவிழாவையும் விலக்கிய வார நாட்கள் நன்றாகவே இருக்கும். காற்று பலமாக அடிக்கும், அதனால் வெயில் அவ்வளவாக உறைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத ஒன்று: திருவிழாவின் சில நாட்களில் சுவாமியும் அம்பாளும் ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதம் போன்ற வெளி மண்டகப்படிகளுக்கு எழுந்தருளுவார்கள். அப்போது சுவாமி திரும்பி வரும்வரை கோயில் நடையைப் பகல் முழுக்கச் சாத்திவிடுவார்கள். இதை அறியாமல் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து பூட்டிய கதவைப் பார்த்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மாசி, ஆடி, ஆனி மாதங்களில் வருவதானால் கிளம்புமுன் கோயில் அலுவலகத்துக்குப் போன் செய்து “அன்றைக்கு நடை உண்டா” என்று கேட்டுவிடுங்கள். கிரகண நாட்களையும் அப்படியே.

உள்ளே எந்தச் சன்னதியை முதலில் பார்ப்பது?

ராவணனைக் கொன்ற பிரம்மஹத்தி தோஷம் தீர ராமன் சிவனைப் பூசிக்க நினைத்து, லிங்கம் கொண்டுவர அனுமனைக் கைலாயத்துக்கு அனுப்பினான். அனுமன் வரத் தாமதமானதால் சீதை மணலில் பிடித்த லிங்கத்தைப் பூசித்தான். அதுதான் மூலவர் ராமநாதர். கொண்டுவந்த லிங்கம் வீணாயிற்றே என்று அனுமன் வருந்த, அதையும் பக்கத்தில் வைத்து முதல் பூசை இதற்கே என்று ராமன் சொன்னான். அதுதான் விஸ்வநாதர். இன்றும் பூசை அந்த வரிசையில்தான். கூட்ட நாளில் வரிசைக் கம்பி எங்கே கொண்டு விடுகிறதோ அங்கேதான் போக முடியும், ஆனால் சற்று ஓய்வான நாளில் விஸ்வநாதரை முதலில் பார்த்துவிட்டு ராமநாதரிடம் போங்கள்.

அம்பாள் பர்வதவர்த்தினி, தனிச் சன்னதி. வெள்ளிக்கிழமை இரவு அம்பாள் தங்கப் பல்லக்கில் பிரகாரம் வருவாள். வியாழன் வந்து சனி கிளம்பும்படி திட்டமிட முடிந்தால் இதுவும் கிடைக்கும்.

இங்கே கருவறையில் பூசை செய்கிறவர்கள் மராட்டிய வழி அந்தணர்கள், சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்றவர்கள். சைவ ஆகமக் கோயில்களில் பழகிய கண்ணுக்கு ஒன்றிரண்டு முறைகள் புதிதாகத் தெரியும். ஆனால் சம்பந்தரும் அப்பரும் தேவாரம் பாடிய பாண்டிநாட்டுத் தலம் இது. தமிழ்நாட்டிலுள்ள ஒரே ஜோதிர்லிங்கமும் இதுதான். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் மராட்டியும் பின்னால் நிற்பவர் வங்காளமும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பிரகாரம் பிரகாரம் என்கிறார்களே, அதை எப்போது பார்ப்பது?

காலையில் பார்க்க முடியாது. காலையில் அது வெறும் வழி, ஈரத்துணியோடு ஓடும் கூட்டத்தின் வழி. பகல் 3 மணிக்கு நடை திறந்ததும் உலர்ந்த உடையில், கையில் ஒன்றும் இல்லாமல் போங்கள்.

மூன்றாம் பிரகாரத்தின் வடக்கு, தெற்கு நடைகள் ஒவ்வொன்றும் 600 அடிக்கு மேல். மொத்தம் 1,212 தூண்கள் என்பது கணக்கு. இரண்டு பக்கமும் ஆள் மார்பளவு மேடை, அதன் மேல் தூண், தூணுக்கு மேல் வண்ணம் தீட்டிய விதானம். ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனையில் வருகிற ஆள் புள்ளியாகத் தெரிவார். மணல் தீவில் கருங்கல் கிடையாது. இத்தனை கல்லும் வெளியிலிருந்து கடல் தாண்டி வந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் நடையின் நீளம் இன்னும் கூடிவிடும். ராமநாதபுரம் சேதுபதிகளின் திருப்பணி இது. 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் இந்தப் பிரகாரம் முடிந்தது. கிழக்குக் கோபுரத்தை 17-ஆம் நூற்றாண்டில் தளவாய் சேதுபதி தொடங்கி வைத்தார், ஆனால் அது முழுதாக எழுந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேவகோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்றின் கைங்கரியத்தில். பெரிய சுதை நந்தியையும் சேது மாதவர் சன்னதியையும் விட்டுவிடாதீர்கள். படம் எடுக்க முடியாதே என்று ஏங்க வேண்டாம். போன் இல்லாத கூட்டம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

கடற்கரையில் தர்ப்பணம் செய்ய எவ்வளவு ஆகும்?

புரோகிதருக்குப் புரோகிதர் மாறும், நாளுக்கு நாளும் மாறும். சாதாரணத் தர்ப்பணத்துக்கும், பிண்டம் வைத்து, தில ஹோமம் வரை செய்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. உங்களுக்கு எது வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்களிடமோ குடும்ப வாத்தியாரிடமோ கேட்டுக்கொண்டு வாருங்கள். அங்கே உட்கார்ந்தபின் “தோஷம் இருக்கிறது, இதையும் சேர்த்துச் செய்துவிடுவோம்” என்று பட்டியல் நீண்டால் பணிவாக “இது போதும் சாமி” என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். குளித்த துணியைக் கடலில் விட்டுவிட்டு வருவது. எங்கிருந்து வந்த வழக்கமோ, காலில் சுற்றுவதெல்லாம் அந்தத் துணிதான். கடல் இங்கே குளம் போல அசையாமல் கிடக்கும், விட்டது எங்கேயும் போகாது.

வேற்று மத நண்பர், வெளிநாட்டு நண்பர் கூட வந்தால்?

பிரகாரங்களைப் பார்க்கலாம். கருவறைப் பக்கம் இந்துக்களுக்கு மட்டும் என்று பலகை உண்டு. முன்பே சொல்லி அழைத்து வாருங்கள்.

சாப்பாடு?

ரத வீதிகளில் சைவ ஓட்டல்கள்தான். இட்லி, பொங்கல், சப்பாத்தி, ஆலு, வட நாட்டுத் தாலி எல்லாம் கிடைக்கும். பெயர்ப் பலகைகளில் இந்தியும் தெலுங்கும் வங்காளமும் இருக்கும். கோயிலில் அன்னதானம் உண்டு. மீன் சாப்பிட வேண்டுமென்றால் தரிசனம் முடித்துவிட்டு கோயில் வட்டாரத்தைத் தாண்டிப் போகலாம், தீவே மீனவர்களின் தீவுதானே.

ரயிலில் வருவதா, பஸ்ஸிலா?

முடிந்தால் ரயில். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டபின் மறுபடி தீவுக்குள் ரயில் வருகிறது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். கப்பல் வந்தால் நடுவிலுள்ள 72.5 மீட்டர் இரும்புத் துண்டு அப்படியே மேலே ஏறும். சென்னையிலிருந்து இரவு ரயில்கள் உண்டு. விடியற்காலையில் பாலத்தைக் கடக்கும்போது விழித்திருங்கள். பஸ்ஸில் வந்தால் 1988-இல் திறந்த சாலைப் பாலம். அதன் மேலிருந்து ரயில் பாலத்தைப் பார்க்கலாம் என்பது பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஆறுதல்.

ரயில் நிலையத்திலிருந்து கோயில் பக்கம்தான், சுமை இல்லாவிட்டால் நடக்கலாம்.

தனுஷ்கோடிக்கும் அதே நாளில் போகலாமா?

தரிசனம் முடிந்து காலை பத்து மணிக்குள் கிளம்பினால் போகலாம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர், நல்ல சாலை, பஸ்ஸும் போகிறது. ஆட்டோவில் போனால் வழியில் கோதண்டராமர் கோயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். விபீஷணனுக்குப் பட்டம் கட்டிய இடம் என்பார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோதும் அந்தக் கோயில் நின்றது. அன்றைக்கு ஊரோடு ஒரு பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவரும் இன்னும் நிற்கின்றன. முனையில் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் கடுமை. மாலையில் போலீஸார் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நிழலும் கிடையாது, தண்ணீர் பாட்டிலை மறக்க வேண்டாம்.

காசிக்குப் போகிறவர்கள் இங்கே மண் எடுப்பது எதற்கு?

சேதுவில் மண் எடுத்து, பிரயாகை திரிவேணி சங்கமத்தில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை முழுமையாகும் என்பது வழக்கம். இங்கே சேது மாதவர், பிரயாகையில் வேணி மாதவர், காசியில் பிந்து மாதவர் என்று மூன்று மாதவர்களையும் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். கங்கை நீர் கொண்டுவருகிறவர்கள் சொம்பை அர்ச்சகரிடம் நேராக நீட்டாமல், முதலில் கோயில் அலுவலகத்தில் அபிஷேகச் சீட்டு வாங்க வேண்டும். சொம்பின் மூடி திறக்காமல் இருக்கட்டும், காசியில் அடைத்துக் கொடுப்பதே வாங்கிக்கொள்வதற்கு வசதி. வீட்டுக்குக் கொண்டுபோகக் கோடி தீர்த்தம் வேண்டுமென்றால் கோயிலுக்குள்ளேயே கிடைக்கும், வெளியே விற்பதை வாங்க வேண்டாம்.